வாகனம் வராத வீதியில் சொல்லாமல் விட்டது

தம்பி, இதை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்திலேயே நீ எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாய். பரவாயில்லை, மெதுவாகவே வாசி. இதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் என்னுடைய ஆங்கிலம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிப் பழகின ஆங்கிலம். மேலாளருக்கு விளக்கம் சொல்லவும், பஸ் பிந்தி வந்ததென்று கோபப்படும் பெற்றோரைச் சமாளிக்கவும்தான் அது எனக்கு உதவியது. அதில் எழுதத் தொடங்கினால் என் பக்க நியாயத்தைத்தான் எழுதுவேன். தமிழில் அப்படித் தப்ப முடியாது. மே மாதம் உனக்குக் கல்யாணம். மண்டபத்தில் முன்வரிசையில் நான் இருக்கப்போகும் கதிரைக்குப் பக்கத்தில் நடீனுடைய தாய் இருக்கப்போகிறார். அதற்கு முன்னர் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை நான் இருபத்தொரு வருடமாக உனக்குச் சொல்லவில்லை.

முதலில் இத்தாலியைப் பற்றிச் சொல்கிறேன். நீ என்னைக் கேட்டது ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிக்கரிங்கிலிருந்து சாப்பிட வந்தவன், சாப்பிட்டு முடிந்ததும் யாரும் சொல்லாமலேயே கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாய். அப்போதே எனக்கு ஏதோ இருக்கிறது என்று பட்டது.

"அம்மா, செப்டெம்பரிலை என்னோடை ஒரு கிழமை இத்தாலிக்கு வாறியளோ? மலைக்குள்ளை கிறவல் ரோட்டிலை சைக்கிள் ஓடலாம். ஒரு வாகனமும் வராது."

"கிறவல் ரோட்டிலை ஓடுறதுக்கு இத்தாலிக்குப் போகோணுமோ? நான் இருபது வயது மட்டும் கிறவல் ரோட்டிலைதான் ஓடினனான்."

"அது வேறை அம்மா, இது வேறை."

"என்ன வேறை? கல்லுத்தானே?"

"உங்களுக்குப் பற்றரி சைக்கிள் எடுப்பம். ஏத்தத்திலை அதுவே தள்ளும். சும்மா இருந்து மிதிச்சாக் காணும்."

நீ சிரித்தாய். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே கழுவிய கோப்பையை எடுத்து மறுபடியும் கழுவினாய். பஸ் ஓட்டுகிறவள் எல்லோரையும் சந்தேகப்பட வேண்டும், தம்பி. ஓரமாக நிற்கும் காரின் கதவு திடீரென்று திறக்கும், பந்து ஒன்று உருண்டு வந்தால் பின்னால் ஒரு பிள்ளை ஓடிவரும், என்னுடைய சிவப்பு விளக்கைக் கண்டவன் நிற்கமாட்டான் என்று எந்நேரமும் நினைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்தச் சந்தேகத்துக்காகத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. சந்தேகம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கிழமை உன் வீட்டுக்குக் கறி கொண்டுவந்தேனே, நீ கீழே போய் யாரோடோ ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தபோது உன் குளியலறையில் மருந்துப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வாசித்தேன். தடிமன் குளிசையும் பிளாஸ்டரும்தான் இருந்தன. உன் மேசையில் வீடு விற்கும் முகவர் ஒருவருடைய கடதாசி கிடந்தது. நான் இருக்கும் மல்வேர்னில் ரவுன்ஹவுஸ், அதுதான் எங்களுடையது போன்ற வரிசை வீடு, விற்க இது நல்ல நேரம் என்று அதில் போட்டிருந்தது. அலுமாரிக்குள் இரண்டு ஹெல்மெற் இருந்தன. ஒன்று உன்னுடையது. மற்றது சின்னது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே நீளமான சுருள் முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்து நான் ஒரு கதை கட்டினேன். உனக்கு ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு என்னோடு இருக்க விருப்பமில்லை, வீட்டை விற்றுவிட்டு என்னை ஒரு முதியோர் ஹோமில் விடப்போகிறாய், அதைச் சொல்ல முதல் என் மனம் குளிர ஒரு பயணம் கூட்டிக்கொண்டு போகிறாய். உன் அப்பா இருந்திருந்தால் "உனக்கு விசர்" என்று சொல்லியிருப்பார். அவர் போய் ஆறு வருடமாகிறது, சொல்ல ஆளில்லை. போகாவிட்டால் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதற்காகத்தான் நான் ஓம் என்றேன்.

அப்ருட்சோ என்ற அந்த மலைநாட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று சைக்கிள் கொடுத்தவனை எனக்குப் பிடிக்கவில்லை, நினைவிருக்கிறதா? பயணம் புறப்பட முதல் எங்கள் ஊரில் ரயருக்குக் காற்றடிப்பார்கள். அவனோ என் ரயரில் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் காற்றைத் திறந்துவிட்டான். "கல்லிலை ஓடேக்கை காத்துக் கொஞ்சம் குறைவா இருக்கோணும் அம்மா. அப்பத்தான் ரயர் கல்லைப் பிடிக்கும், வழுக்காது" என்று நீ விளக்கினாய். நான் தலையாட்டினேன். அவன் உள்ளே போனதும் இரண்டு பிரேக்கையும் நானே பிடித்துப் பார்த்தேன். தங்கியிருந்த வீட்டுக்காரி தந்த பாற்கட்டியை முதலில் உன்னைச் சாப்பிட வைத்து, கால் மணித்தியாலம் பொறுத்துத்தான் நான் தொட்டேன். ஊர்களின் நடுவில் கல்லுத்தொட்டிகளில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை நீ வாய்வைத்துக் குடித்தாய். நான் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த போத்தலை விடவில்லை.

ஆனால் என்னை உண்மையில் பயப்படுத்தியது அந்த வீதிதான். நீ சொன்னது சரி, ஒரு வாகனமும் வரவில்லை. முதல்நாள் இரண்டு மணித்தியாலம் ஓடினோம். வெள்ளைச் சரளைக் கல், இரண்டு பக்கமும் காய்ந்த புல், தூரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக மலைகள். எங்கள் நான்கு சக்கரமும் கல்லை நெரிக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நீ கையை விட்டுவிட்டு ஓடினாய், "எப்பிடி அம்மா, நல்லாயிருக்கோ?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டாய். நான் இரண்டு பிரேக்கிலும் விரலை வைத்துக்கொண்டே ஓடினேன். ஊரில் சண்டைக்காலத்தில் ஒரு வீதியில் திடீரென்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சைக்கிளும் ஒரு வான் வண்டியும் வராமல் போனால் நாங்கள் திரும்பிவிடுவோம். முன்னுக்கு ஆமி மறித்து நிற்கிறது, இல்லாவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் வீதி எங்களுக்கு நல்ல செய்தி சொன்னதில்லை. நீ வாகனம் இல்லாத இடத்தை விடுதலை என்று நினைத்தாய். நான் ஒவ்வொரு வளைவிலும் யாரோ மறிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அதை உனக்குச் சொல்லாமல் "ஓம், நல்ல காத்து" என்றேன்.

இரண்டாம் நாள் மேய்ச்சல் வெளியில் அந்த நாய்கள் வந்தன. கன்றுக்குட்டி அளவில் வெள்ளை வெளேரென்று மூன்று, ஆட்டுமந்தைக்கு முன்னால் பாய்ந்து வந்து குரைத்தன. "இறங்குங்கோ அம்மா. சைக்கிளை நடுவிலை பிடியுங்கோ. ஓடாதேங்கோ, கண்ணைப் பாக்காதேங்கோ" என்றாய். உன் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. மேலே நின்ற இடையன் விசிலடிக்கும் வரைக்கும் நீ உன் சைக்கிளையும் உன்னையும் எனக்கு முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாய். பிறகு, "பாவம் அம்மா, அதுகளுக்கு எல்லாரும் ஓநாய்தான். அதுகளின்ரை வேலை அது" என்று சொன்னாய். என்னை ஹோமில் விடப்போகிறவன் எனக்காக நாய்க்கு முன்னால் இப்படி நிற்பானா என்று அன்றைக்குத்தான் என் கதையில் முதல் ஓட்டை விழுந்தது. ஆனாலும் கதையை நான் விடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நீண்ட ஏற்றம் ஒன்று. மேலே வடிவான இடம் இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று நீ முன்னால் போய்விட்டாய். நான் பற்றரியின் உதவியோடு மெல்ல மெல்ல ஏறினேன். காற்று எனக்கு எதிராக அடித்ததால் என் சக்கரச் சத்தம் உனக்குக் கேட்கவில்லை. வளைவு திரும்பினால் நீ சைக்கிளைப் புல்லில் கிடத்திவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய், காதில் ஃபோன். ஆங்கிலத்தில் நீ சொன்னது இதுதான்: அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, அவர் எல்லாவற்றையும் சந்தேகமாகவே பார்க்கிறார், இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுகிறேன். நான் சைக்கிளை நிறுத்தி இறங்கினேன்.

"எந்த ஹோம்?" என்று கேட்டேன்.

நீ துள்ளித் திரும்பினாய். "என்ன ஹோம்?"

"என்னைக் கொண்டுபோய் விடப்போற ஹோம். வீடு விக்கிற கடதாசி உன்ரை மேசையிலை கிடந்தது. கண்டனான்."

"ஐயோ அம்மா, அது எல்லாருக்கும் தபாலிலை வாற விளம்பரம்! நீங்களும்தானே குப்பையிலை போடுறனீங்கள்!"

"அப்ப உனக்கு ஏதும் வருத்தமோ? மறைக்காமல் சொல்லு."

"வருத்தமும் இல்லை ஒண்டும் இல்லை. நான் ஒரு பிள்ளையை விரும்புறன். அவ்வளவுதான்."

"சுருட்டை முடி" என்றேன்.

"என்ன?"

"அலுமாரிக்குள்ளை இருந்த சின்ன ஹெல்மெற்றுக்கை சுருட்டை முடி இருந்தது."

நீ வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாய். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. "அவவை உங்களுக்குத் தெரியும் அம்மா. நடீன். என்ரை சின்ன வயதுச் சிநேகிதன் டெவோன்ரை தங்கச்சி."

அதன்பிறகு நீ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாய். முப்பது வயதில் முதன்முதலாகச் சொந்தக் காசில் சைக்கிள் வாங்கி, றூஜ் ஆற்றுப் பக்கக் காட்டுப்பாதையில் ஞாயிறு காலையில் ஓடுகிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்தபோது அங்கே அவளைக் கண்டாயாம். அவளுக்கு உன்னை உடனே அடையாளம் தெரிந்ததாம். போன வருடம் நண்பர்களோடு என்று சொல்லிவிட்டு இத்தாலிக்கு வந்தது அவளோடுதானாம். என்னை இங்கே கூட்டிவரச் சொன்னதும் அவள்தானாம். "ரொறன்ரோவிலை உங்களோடை கதைக்க ஏலாதம்மா. காருக்குள்ளை ஏறினா கண்ணாடியைப் பாப்பியள், வீட்டிலை இருந்தா ஜன்னலைப் பாப்பியள். ஒரு வாகனமும் இல்லாத இடத்திலை எண்டா என்ரை முகத்தைப் பாப்பியள் எண்டு நடீன் சொன்னவ." என்னைக் கண்டு இருபது வருடமான பெண்பிள்ளை என்னை இவ்வளவு சரியாகக் கணித்திருக்கிறாள் என்பதிலும் எனக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. இவளுக்கு வேறென்ன தெரியும் என்று.

"நான் முதல் டெவோனிட்டைத்தான் போனனான்" என்றாய். "பன்னிரண்டு வயதிலை அவனைக் கள்ளன் எண்டு சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டனான்."

"அவன் என்ன சொன்னவன்?"

"'நான் எடுக்கேல்லை. அது உனக்குத் தெரிஞ்சாக் காணும்' எண்டவன். நான் நம்புறன் அம்மா. நீங்கள் நம்புறியளோ?"

"நம்புறன்" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு உண்மையான சொல்லை அவ்வளவு கோழைத்தனமாக நான் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாய். "கறுப்புப் பிள்ளை எண்டோ அம்மா அழுறியள்?" என்று கேட்டாய். இல்லை என்றேன். நீ என்னை நம்பவில்லை. கண்களைச் சுருக்கி, என் வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாய். நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது. அது உன் முகத்தில் இருந்தது. யாருமே வராத வீதி, கேட்க நீ ஒருவன் மட்டும், சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் இந்த உலகத்தில் இல்லை. நான் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போலை கிடக்கு, போவம்" என்றேன். மழை வரவில்லை.

இனி நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். உன்னுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித்தந்த பச்சைச் சைக்கிளை யாரும் திருடவில்லை. நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

அந்த வருடம் ஒக்டோபரில் ஒருநாள் பின்னேரம் பஸ் நிறையப் பிள்ளைகளோடு வலப்பக்கம் திரும்பினேன். கண்ணாடியைப் பார்த்தேன், நடைபாதையைப் பார்த்தேன், யாருமில்லை. திரும்பிப் பாதி வந்தபோது எங்கிருந்தோ சைக்கிளில் ஒரு பையன். பிரேக்கை அடித்தேன். பின்னால் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகக் கத்தினார்கள். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால் அவனுடைய சைக்கிளின் முன்சக்கரம் பஸ்ஸுக்குக் கீழே மடிந்து கிடக்கிறது, அவன் பக்கத்தில் எழுந்து நிற்கிறான். முழங்காலில் ஒரு சிராய்ப்பு மட்டும். அவன் போட்டிருந்த ஜாக்கெற்றும் உன்னுடையதும் ஒரே நிறம். பொலிஸ்காரர் வந்து என்மேல் பிழையில்லை என்று எழுதினார்கள். அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் நீ ஓடிவந்து, "அம்மா, நாளையிலையிருந்து நானும் டெவோனும் சைக்கிளிலை பள்ளிக்கூடம் போகட்டோ?" என்று கேட்டாய். நான் குசினிக்குள் போய் அரிசியைக் கழுவத் தொடங்கினேன்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நீ ஏன் என்று கேட்டிருப்பாய். நடந்ததைச் சொல்லும்போது நான் உடைந்திருப்பேன். பிள்ளைக்கு முன்னால் உடைவது எனக்கு அப்போது பெரிய வெட்கமாக இருந்தது. அடுத்தநாள் விடிய, வேலைக்குப் போக முதல், பின்வளவில் இருந்த சைக்கிளின் பூட்டைத் திறந்து எங்கள் வான் வண்டியில் ஏற்றினேன். பிக்கரிங் பக்கம் ஒரு தேவாலயத்துக்கு அருகே பழைய உடுப்புப் போடும் பெட்டி ஒன்று இருந்தது. அதில் சாய்த்துவிட்டு நேரே பஸ் எடுக்கப் போனேன். ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. உனக்குப் பிள்ளை பிறந்து, அது ஒருநாள் உன்னிடம் சைக்கிள் கேட்டு, வேண்டாம் என்று சொல்ல உனக்குத் தோன்றினால், எனக்குப் பயமாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல், தம்பி. பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் நான் பொய்க்குப் போனேன். அந்தப் பொய் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை.

அன்று பின்னேரம் நீ அழுதுகொண்டு வந்தாய். பூட்டு உடைக்கப்படவில்லை, திறக்கப்பட்டிருக்கிறது என்று நீதான் கண்டுபிடித்தாய். "பூட்டின்ரை நம்பர் டெவோனுக்கு மட்டும்தான் தெரியும் அம்மா. அவன் எடுத்திருப்பானோ?" என்று கேட்டாய். எனக்கும் தெரியும் என்பது உனக்கு நினைவே வரவில்லை. தாயைச் சந்தேகப்பட நீ பழகியிருக்கவில்லை. நான் கறியைக் கிளறிக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை உன் அப்பா பிறம்ரனில் வேலை முடிந்து வந்து, நீ சொன்னதைக் கேட்டு, உடுப்புக்கூட மாற்றாமல், நாலு வீடு தள்ளியிருந்த டெவோன் வீட்டுக் கதவைத் தட்டினார். "உன் மகனிடம் கேள்" என்று அவனுடைய தாய் மார்சியாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். வரிசையில் எல்லாக் கதவும் திறந்தன. நம்முடைய சனம் கறுப்பு ஆட்களைச் சொல்கிற அந்தக் கெட்ட சொல்லை அப்பா சொல்லவில்லை. பக்கத்து வாசலில் நின்ற ஒருவர் சொன்னார், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மார்சியா அப்பாவுக்குப் பின்னால் நின்ற என் பக்கம் பார்த்தார், பிறகு கதவைச் சாத்தினார். அப்பா சாகும்வரைக்கும் தான் சரியான கதவைத்தான் தட்டினதாக நம்பினார். அதையும் நான் அவருக்குச் சொல்லவில்லை.

இத்தாலியால் வந்தபிறகு நீ நடீனையும் அவள் குடும்பத்தையும் வீட்டுக்குக் கூட்டிவந்தாய். மார்சியா என் வடையைப் புகழ்ந்தார், சேலை எங்கே வாங்கலாம் என்று கேட்டார். டெவோன், அவ்வளவு உயரமாக வளர்ந்தவன், குனிந்து எனக்குக் கைதந்தான். அவர்கள் மரியாதையாக நடக்க நடக்க எனக்குச் சந்தேகம் கூடியது. இவருக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் சிரிக்கிறாரா? கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்லப்போகிறாரா? இரண்டு மாதம் எனக்குச் சரியான நித்திரை இல்லை. ஜனவரியில் ஒருநாள் காலமை பனி கொட்டிக்கொண்டிருக்க, பஸ் எடுத்து, மார்சியா இப்போது இருக்கும் உயரமான வாடகைக் கட்டடத்துக்குத் தனியே போனேன். கதவைத் திறந்தவரிடம் வாசலில் நின்றபடியே, சப்பாத்தும் கழற்றாமல், அந்தச் சைக்கிளை எடுத்தது நான் என்றேன்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். "எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்."

முதியோர் பராமரிப்பில் இரவு வேலை செய்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, நான் அந்தப் பச்சைச் சைக்கிளை வானில் ஏற்றுவதைக் கண்டாராம். திருத்தக் கொண்டுபோகிறேன் என்று நினைத்தாராம். "பிறகு உன் புருஷன் என் கதவைத் தட்டினான். நீ பின்னால் நின்றாய். நீ சொல்வாய் என்று பார்த்தேன்."

"நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"யார் நம்பியிருப்பார்கள்? மகனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நீயே சொல்லியிருப்பாய். யாராவது பொலிஸைக் கூப்பிட்டிருந்தால் என் மகனுடைய பெயரை அவர்கள் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். ஆகவே கதவைச் சாத்தினேன். அந்த வீட்டுப் பக்கம் இனிப் போகாதே என்று டெவோனுக்குச் சொன்னேன். அவன் அழுதான். உன் மகனைவிட அதிகமாக அழுதான்." கதவுப் பிடியை விட்டுவிட்டு என்னை நேரே பார்த்தார். "இத்தனை வருடமும் நான் நினைத்தது என்ன தெரியுமா? என் மகனை உன் மகனிடமிருந்து பிரிக்கத்தான் நீ அதைச் செய்தாய் என்று."

இல்லை, இல்லவே இல்லை என்றேன். பஸ்ஸுக்குக் கீழே மடிந்த சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "உன் மகனுக்கு நீயே சொல்" என்றார். "நான் சொல்லமாட்டேன், டெவோனுக்கும் நடீனுக்கும்கூடச் சொல்லவில்லை. எப்படியானாலும் மே மாதம் உன் பக்கத்தில் இருப்பேன். ஆனால் அவனுக்குத் தெரியாமல் இருந்தால் படமெடுக்கும்போது என்னைச் சிரிக்கச் சொல்லாதே."

திரும்பி வரும் பஸ்ஸில் இருந்து யோசித்தேன். இல்லவே இல்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, அது உண்மையா? சைக்கிளை எடுத்தது பயத்தால்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டெவோன் எடுத்திருப்பானோ என்று நீ கேட்ட அந்த நேரம் என் நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. நான் தப்பினேன் என்ற ஆறுதல் மட்டும்தானா? பிள்ளை இனி அந்த வீட்டில் கிடக்கமாட்டான், வகுப்புக்கு ஒழுங்காகப் போவான், எங்கள் ஆட்களோடு சேருவான் என்று ஒரு மூலையில் நான் சந்தோஷப்படவில்லையா? சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே வாழ்ந்தவள், என்னை மட்டும் ஒருநாளும் அப்படி நிறுத்திக் கேட்டதில்லை. கேட்டபோது என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை, தம்பி. இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமாக இருந்த வரி இதுதான். சைக்கிளைப் பற்றிய வரி அல்ல.

ஒருவரில் உனக்குச் சந்தேகம் வந்தால் அதைப் பொத்தி வைத்து வளர்க்காதே. நான் உன் மருந்துப் பெட்டியைத் திறந்தேன், அலுமாரியைக் கிளறினேன், கடல் தாண்டி வந்தேன். "என்னத்துக்கு என்னைக் கூப்பிடுறாய்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஜூன் மாதமே நீ சொல்லியிருப்பாய். நீயும் என்னைப்போலக் கண்ணைச் சுருக்குகிறவன் என்று அந்த மலையில் கண்டேன். நடீனிடம் அப்படிப் பார்க்காதே. அவளிடம் நேரே கேள். அவள் நேரே பதில் சொல்லக்கூடிய வீட்டில் வளர்ந்தவள்.

நீயும் டெவோனும் சம்மதித்தால், இந்தக் கடிதத்தை எங்களுடைய சனம் வாசிக்கிற பத்திரிகை ஒன்றுக்குக் கொடுக்க விரும்புகிறேன். பெயர்களை மாற்றித்தான் போடுவார்கள். பரவாயில்லை, அந்த வரிசையில் அன்றைக்குக் கதவைத் திறந்து பார்த்தவர்களுக்கு விளங்கும். அவன் கள்ளன் என்று அத்தனை பேர் கேட்கச் சொல்லப்பட்டது. அவன் எடுக்கவில்லை என்பதை உன் காதுக்குள் மட்டும் நான் சொல்லிவிட்டுப் போக முடியாது.

வாசித்து முடிந்ததும் எனக்கு ஃபோன் எடுக்காதே. முதலில் டெவோனுக்கு எடு. யார் எடுத்தது என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது, அவனுடைய தாயும் சொல்லவில்லை. அதை நீ சொல்லி அவன் கேட்க வேண்டும். பிறகு நடீனோடு கதை. அவர்கள் இரண்டுபேரும் என்ன சொன்னாலும் நீ எனக்காக வாதாடாதே. எனக்கு எப்போது எடுப்பதென்று நீயே முடிவு செய், ஒரு கிழமையானாலும் ஒரு மாதமானாலும். நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டேன் என்று சொன்னால், அதையும் நம்பாதே.

அம்மா